பேனர் கட்ட முடியாத வேலைகள்

அமெரிக்காவில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுகள் என்கிற நிலவடிவமைப்பாளர்களின் சங்கத்துக்கு உள்ள மாநிலக் கிளைகளைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. உள்ளே இருப்பவர்கள் அதைக் குடும்பம் என்பார்கள். சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் கோல்ஃப் கிளப் என்பார்கள். இரண்டில் எதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. லாபநோக்கற்ற அமைப்புகள் அந்நாட்டு வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் 990 என்ற படிவம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஆவணம். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, சம்பளம் யாருக்கு என்பதை ஓரளவு அதிலிருந்தே படித்துவிடலாம். ஆனால் எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் படித்தால் அது வெறும் எண்கள்.

இந்தக் கட்டுரையில் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இது: பேனர் கட்ட முடியாத வேலைகளுக்கு அந்தக் கிளையில் காசு எங்கிருந்து வருகிறது? விருந்துக்கு ஸ்பான்சர் கிடைப்பார். விருது மேடைக்குக் கிடைப்பார். மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவின் பின்னால் ஆறு மாதம் அலைவதற்குக் கிடைக்க மாட்டார், ஏனென்றால் சட்டமன்றத் தாழ்வாரத்தில் ஸ்பான்சர் செய்யும் பெஞ்சு கம்பெனியின் பேனரைக் கட்ட முடியாது.

முதலில் சங்கத்தின் பிறப்பு. 1899 ஜனவரியில் நியூயார்க்கில் 11 பேர் கூடி அமெரிக்க நிலவடிவமைப்பாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓல்ம்ஸ்டெடின் இரு மகன்களும் அதில் இருந்தார்கள். ஒருவரான ஜான் சார்லஸ் முதல் தலைவரானார். ஒரே பெண், பின்னாளில் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்று அறியப்பட்ட பியாட்ரிக்ஸ் ஜோன்ஸ். சிகாகோவிலிருந்து போனவர் ஒசியன் கோல் சைமண்ட்ஸ். கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தை ஒரு புல்வெளிக் காடு போல ஆக்கிக்காட்டியவர். அந்தத் தலைமுறைக்கு ஒரு கவலை பெரிதாக இருந்தது. நாற்றுப்பண்ணை நடத்துகிறவரும் மண்வேலை ஒப்பந்தம் எடுக்கிறவரும் தாமே வரைபடமும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. செடி விற்பவர் வரைந்தால் வரைபடத்தில் செடி கூடத்தான் செய்யும். வரைகிறவருக்கு வரைவதற்கான கட்டணம் மட்டுமே வருமானமாக இருக்க வேண்டும், சரக்கில் பங்கு இருக்கக் கூடாது என்ற பிரிவினையின் மேல்தான் இந்தத் தொழில் தனக்கென ஒரு மரியாதையைக் கட்டியது. இன்று 49 கிளைகளாக விரிந்திருக்கும் அந்தச் சங்கத்தின் வருடாந்திர விருந்துகளில் சரக்கு விற்பவரே விருந்தளிப்பவராக நிற்கிறார் என்பதை இந்தப் பிறப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

காசுக்கு வருமுன் கிளைகளின் கூடுகைக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறைத்து மதிப்பிடுவது அதைத்தான். இது சிறிய தொழில். மருத்துவர்களைப் போல, வழக்கறிஞர்களைப் போல ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கில் இருப்பவர்கள் அல்ல. இரண்டு மூன்று பேர் மட்டும் இருக்கும் அலுவலகங்கள் நிறைய. பக்கத்து மேசையில் கட்டடப் பொறியாளர் இருப்பார், எதிரே ஆர்க்கிடெக்ட் இருப்பார். தன் வேலையைப் பற்றித் தன் மொழியில் பேச ஆள் இருக்காது. சாய்வுதளத்தின் குறுக்குச் சரிவு 48-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது என்பது ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் வந்த அளவு. அதை வரைபடத்தில் போடுவது எளிது. கான்கிரீட் ஊற்றுகிறவர் மட்டக்கோலை அலட்சியமாக வைத்தால் அந்த இரண்டு சதவீதம் மூன்றாகிவிடும். சக்கர நாற்காலி தானாகவே ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இதை எப்படித் தடுப்பது, ஒப்பந்தக்காரரிடம் எந்த நாளில் எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வராது. மாதக் கூட்டத்தில், கையில் பீர் டம்ளரோடு நிற்கும் மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுப்பார். இதற்கு விலை போட முடியாது.

தேர்வும் அப்படித்தான். உரிமம் பெற நான்கு பகுதிகள் கொண்ட தேசியத் தேர்வை எழுத வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே, பகுதி பகுதியாக, சிலர் ஆண்டுக்கணக்கில் எழுதுவார்கள். கிளைகள் நடத்தும் படிப்புக் குழுக்கள்தான் பலரைக் கரை சேர்க்கின்றன. விருதுகளிலும் ஒரு நல்ல வழக்கம் உண்டு: ஒரு மாநிலக் கிளையின் விண்ணப்பங்களை வேறொரு மாநிலத்துக் கிளையின் உறுப்பினர்கள் மதிப்பிடுவார்கள். உள்ளூர்க்காரர் உள்ளூர்க்காரருக்கு மார்க் போடும் சங்கடம் இல்லாமல் போகிறது. இதை வேறெந்தத் தொழில்முறைச் சங்கமும் பார்த்துக் கற்கலாம்.

குறைந்த காசில் நிறையப் பேசவைத்த ஒரு காரியத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். 2005 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ரீபார் என்ற சிறு வடிவமைப்புக் குழு மிஷன் தெருவில் கார் நிறுத்தும் மீட்டருக்குக் காசு போட்டது. ஆனால் அங்கே காரை நிறுத்தவில்லை. புல்தரையை விரித்து, ஒரு பெஞ்சையும் தொட்டியில் ஒரு மரத்தையும் வைத்தது. இரண்டு மணி நேரம் அது பூங்கா. நேரம் முடிந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் பின்னால் பார்க்கிங் டே என்று உலகம் முழுக்கப் பரவியது. நிலவடிவமைப்பாளர் கிளைகள் செப்டம்பரில் இதை ஆர்வத்தோடு எடுத்துச் செய்கின்றன. தெருவில் போகிறவர் நின்று, "இது என்ன?" என்று கேட்கிறார். பதில் சொல்வதற்குள் தொழிலைப் பற்றிய விளக்கம் முடிந்துவிடுகிறது. ஓட்டலில் நடக்கும் எந்த விருது விழாவும் பொதுமக்களிடம் இதைச் சாதித்ததில்லை, ஏனென்றால் அந்த விழாவுக்குள் பொதுமக்கள் வருவதில்லை.

கூடுகையைப் பற்றிப் பேசும்போது இல்லினாய்ஸ் மாநிலத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. டென்மார்க்கிலிருந்து 1884-ல் வந்து சிகாகோ பூங்காக்களில் கூலியாளாக வேலை தொடங்கிய ஜென்ஸ் ஜென்சன், அதே பூங்காக்களின் வடிவமைப்பாளராக வளர்ந்தார். 1900-ல் அரசியல் ஊழலுக்கு ஒத்துப்போகாததால் வேலை போனது. சில ஆண்டுகளில் திரும்ப அழைத்தார்கள். அவர் வடிவமைத்த இடங்களில் அடிக்கடி வருவது வட்டமாகப் போட்ட தாழ்வான கல் இருக்கை, நடுவில் நெருப்புக்கு இடம். தலைமை இருக்கை கிடையாது. யார் எங்கே உட்கார்ந்தாலும் நெருப்புக்குச் சம தூரம். சிகாகோவின் கொலம்பஸ் பூங்காவில் இப்படி ஒன்று இருக்கிறது. 1913-ல் அவர் தொடங்கிய 'நம் மண்ணின் நிலக்காட்சி நண்பர்கள்' என்ற அமைப்பு காட்டுக்கும் மணல்மேட்டுக்கும் கூட்டமாகப் போய், நெருப்பைச் சுற்றி அமர்ந்து, நாடகம் போட்டு, பிறகு ஊருக்குத் திரும்பி அரசிடம் அந்த இடத்தைக் காப்பாற்றச் சொல்லி வாதாடியது. நெருப்பைச் சுற்றி உட்காருவதும் மனு எழுதுவதும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரண்டு பாதிகள். இன்றைய கிளைகளின் கூடுகையை நான் இதோடுதான் ஒப்பிடுகிறேன். விருந்து தப்பில்லை. விருந்து முடிந்து வீட்டுக்குப் போனதோடு வேலையும் முடிந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி காசு.

ஒரு மாநிலக் கிளைக்கு வருமானம் பொதுவாக மூன்று வழியில் வருகிறது: உறுப்பினர் சந்தாவில் ஒரு பங்கு, மாநாடு மற்றும் விழா நுழைவுக் கட்டணம், ஸ்பான்சர் பணம். மூன்றாவதுதான் நம் விஷயம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தட்டுகள் இருக்கும். தரைக்கல் செய்பவர், தெருவிளக்குக் கம்பம் செய்பவர், குழந்தைகள் விளையாட்டுச் சாதனம் விற்பவர், சொட்டுநீர்க் குழாய் விற்பவர், பெஞ்சும் குப்பைத்தொட்டியும் செய்பவர் எல்லாரும் ஆளுக்கொரு தட்டில் இருப்பார்கள். மாநாட்டு வளாகத்தில் கடை போடுவார்கள். கோல்ஃப் பந்தயத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கம்பெனியின் பலகை நிற்கும். ஏலம், குலுக்கல் சீட்டு எல்லாம் உண்டு. (குலுக்கலுக்கு இல்லினாய்ஸில் உள்ளூர் நிர்வாகத்திடம் உரிமம் வாங்க வேண்டும் என்று ஒரு தனிச் சட்டமே இருக்கிறது, சங்கப் பொருளாளர்கள் இதை மறக்காமல் இருந்தால் நல்லது.)

வரிச் சட்டம் இந்த ஏற்பாட்டை மறைமுகமாக வளர்க்கிறது. இத்தகைய தொழில்முறைச் சங்கங்கள் 501(சி)(6) என்ற பிரிவில் வருபவை; தரும அமைப்புகளின் 501(சி)(3) பிரிவில் அல்ல. எனவே ஒரு தனிமனிதர் கிளைக்கு நூறு டாலர் நன்கொடை கொடுத்தால் அதைத் தருமம் என்று காட்டி வரிவிலக்கு கேட்க முடியாது. கம்பெனி கொடுத்தால் விளம்பரச் செலவு, வியாபாரச் செலவு என்று கணக்கில் எழுதிவிடலாம். கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் நன்றி சொல்லிப் போடும்வரை அந்தப் பணத்துக்குச் சங்கமும் வரி கட்ட வேண்டாம். விலை, ஒப்பீடு, வாங்கச் சொல்லும் வாசகம் வந்தால்தான் அது விளம்பரம். அதாவது உறுப்பினரின் நன்கொடைக்கு மேடு, விற்பவரின் பணத்துக்குப் பள்ளம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று இந்தத் தொழில்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மேட்டைத் தாண்டத்தான் 1966-ல் தொடங்கிய நிலவடிவமைப்பு அறக்கட்டளை போன்றவை 501(சி)(3)-ஆகத் தனியே நிற்கின்றன. படிப்புதவித் தொகையும் ஆய்வும் அவற்றின் வழியாகப் போகின்றன. அது சரியான வழி. ஆனால் அறக்கட்டளையின் உதவித்தொகை வேறு, மாநிலக் கிளையின் அன்றாட வேலை வேறு.

கோல்ஃப் பந்தயத்தைச் சற்று நின்று பார்க்கலாம். ஆளுக்கு 150 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். மைதான வாடகை, வண்டி, மதிய உணவு, பரிசு எல்லாம் சேர்த்து 110 போய்விட்டால் மிச்சம் 40. நூறு பேர் வந்தால் 4,000 டாலர். அதற்கு நான்கு தன்னார்வலர்கள் மூன்று மாதம் மாலை நேரங்களைச் செலவழித்திருப்பார்கள். அதே நேரத்தை அவர்கள் வேலையில் போட்டிருந்தால் கிளைக்கு இதைவிடப் பலமடங்கு நன்கொடை கொடுத்திருக்க முடியும். பந்தயத்தில் உண்மையான வரவு குழிப் பலகைகளுக்குக் கொடுக்கப்படும் ஸ்பான்சர் பணம்தான். விளையாட்டு அதற்கு ஒரு காரணம். அப்படியிருக்க, உறுப்பினர்கள் "நாங்கள் சேர்ந்து திரட்டினோம்" என்று சொல்வது பாதிக்கு மேல் மனநிறைவு. இதையும் ஒரேயடியாகத் தள்ள நான் தயாரில்லை: அந்த நான்கு தன்னார்வலர்களில் ஒருவர் அடுத்த கிளைத் தலைவராக வருவார், அதற்கு இந்த வேலைதான் பயிற்சி. ஆனாலும் அதைத் தலைமைப் பயிற்சி என்று சொல்லுங்கள், நிதி திரட்டல் என்று சொல்லாதீர்கள்.

பெரிய சிக்கல் வேறு. ஒரு நிலவடிவமைப்பாளரின் உண்மையான அதிகாரம் அவர் எழுதும் பொருள் விவரக்குறிப்பில் இருக்கிறது. எந்தப் பெஞ்சு, எந்தத் தரைக்கல், எந்த விளக்கு. பொதுப்பணத்தில் நடக்கும் வேலையாக இருந்தால் ஒரு கம்பெனியின் பெயரையும் மாதிரி எண்ணையும் எழுதிப் பக்கத்தில் "அல்லது இதற்கு இணையானது" என்று சேர்க்க வேண்டும். பார்ப்பதற்கு இது திறந்த போட்டி. நடைமுறையில் இணையானது என்று நிரூபிக்கும் சுமை ஒப்பந்தக்காரர் தலையில் விழுகிறது. மாதிரி வரவழைக்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், வடிவமைப்பாளர் வேண்டாம் என்று சொன்னால் இரண்டு வாரம் போச்சு. பெரும்பாலானவர்கள் எழுதியதையே வாங்கிவிடுவார்கள். ஆகவே விவரக்குறிப்பில் முதலில் வரும் பெயர் கிட்டத்தட்ட ஆர்டர்தான். இது தெரிந்துதான் விற்பனைப் பிரதிநிதி மதியச் சாப்பாட்டோடு அலுவலகத்துக்கு வருகிறார். லஞ்ச் அண்ட் லேர்ன் என்று பெயர். சாண்ட்விச் பெட்டியைத் திறந்து வைத்து, மழைநீர் ஊடுருவும் தரைக்கல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். உரிமம் பெற்றவர் பெரும்பாலான மாநிலங்களில் உரிமத்தைப் புதுப்பிக்கச் சேர்க்க வேண்டிய தொடர்கல்வி நேரத்தில் அது ஒரு மணி. அந்த ஒரு மணிக்குள் தன் சரக்கை விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது, மதிக்கவும் செய்கிறார்கள். மணி முடிந்து, கேட்லாக் கைமாறும் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு விதி இல்லை.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் இருந்தால் நேர்மையாகாது. அந்தப் பிரதிநிதிக்குத் தெரிந்தது பலமுறை வடிவமைப்பாளருக்குத் தெரியாது. இரும்பின் மேல் பூசிய பெயிண்ட் உப்பு தூவும் சாலையோரத்தில் எத்தனை குளிர்காலம் தாங்கும், எந்த மரப்பலகை எங்கே வெடித்தது என்பதையெல்லாம் அவர் நூறு இடங்களில் பார்த்திருப்பார். ஸ்பான்சர் இருப்பதால்தான் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் மாநாட்டுக்குள் நுழைகிறார்கள் என்ற வாதமும் உண்மை. எல்லாம் வெளிப்படையாக நடக்கிறது, பெயர் பலகையில் இருக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் வெளிப்படை என்பது எவ்வளவு தூரம்? அமெரிக்காவில் மருந்துக் கம்பெனி ஒரு டாக்டருக்கு வாங்கிக்கொடுக்கும் சாப்பாட்டைக்கூட அரசிடம் தெரிவித்தாக வேண்டும். 2010-ன் சுகாதாரச் சட்டத்தோடு வந்த விதி அது. நோயாளி தன் டாக்டரின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பெஞ்சு கம்பெனிக்கு அப்படி ஒரு விதி இல்லை. பூங்காவுக்கு வரி கட்டுகிற நகரவாசிக்குத் தன் ஊர்ப் பெஞ்சை வரைந்தவர் யாரோடு எத்தனை முறை சாப்பிட்டார் என்று தெரிய வழியில்லை. பெஞ்சில் உட்கார்ந்து யாரும் சாவதில்லை என்று சொல்லலாம். விளையாட்டுச் சாதனத்திலிருந்து குழந்தை விழும் இடத்தில் போடும் ரப்பர் தரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இத்தனையும் சந்தேகம்தான், குற்றச்சாட்டு அல்ல. உண்மையான சோதனை இல்லினாய்ஸில் நடந்தது.

அந்த மாநிலத்தில் 1989-ல் வந்த நிலவடிவமைப்பாளர் சட்டம் பட்டத்தை மட்டும் காப்பது. தோட்டம் போடுவதை அது யாருக்கும் தடுக்கவில்லை. பதிவு பெறாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். இல்லினாய்ஸில் தொழில் ஒழுங்குமுறைச் சட்டங்களுக்கெல்லாம் கெடு உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சட்டமன்றம் நீட்டிக்காவிட்டால் தானாகக் காலாவதியாகும். 2020 ஜனவரி 1 அன்று இந்தச் சட்டம் நீட்டிக்கப்படாமல் செத்தது. வெர்மான்ட் 2009-ல் சேர்ந்ததோடு ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில் ஒழுங்குமுறை வந்துவிட்டிருந்தது. ஓல்ம்ஸ்டெட் ரிவர்சைடு ஊரை வரைந்த, ஜென்சன் வாழ்ந்த, 1893 உலகக் கண்காட்சி நடந்த மாநிலம் அந்தப் பட்டியலிலிருந்து விழுந்தது. அங்கே புதிதாகப் பதிவு பெற நினைத்த இளைஞர் பக்கத்து மாநிலத்தைப் பார்க்க வேண்டிய நிலை.

பிறகு 2021-ல் ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட்ட புதிய பதிவுச் சட்டம் வந்தது. கிளையும் தேசியச் சங்கமும் சேர்ந்து சட்டமன்றத்தில் மன்றாடிப் பெற்றது அது. கவனிக்க வேண்டியது காலம். 2020-ல் கொரோனா எல்லாக் கூட்டத்தையும் நிறுத்தியது. மயாமி பீச்சில் நடக்கவிருந்த தேசிய மாநாடே திரைக்குள் போனது. கோல்ஃப் இல்லை, ஏலம் இல்லை, ஓட்டல் விருந்து இல்லை. இழந்த சட்டம் திரும்ப வந்தது இப்படிப்பட்ட காலத்தில்.

இதைக் காட்டி "விருந்து தேவையே இல்லை" என்று முடிவு கட்டுவது அவசரம். சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதச் சொல்லி ஒருவர் இன்னொருவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது, மறுமுனையில் இருப்பவர் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் ஐந்து வருடம் முன்னால் ஏதோ விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்ததாக இருக்கலாம். கூடுகை சேர்த்துவைத்த நம்பிக்கை அந்த ஆண்டில் செலவழிந்தது என்று சொல்லலாம். ஆனால் விருந்தின் வசூல் இல்லாமலும் அந்த வேலை நடக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. ஆகவே கூடுகையும் வசூலும் பிரிக்க முடியாத ஒன்று, ஒன்றை விட்டால் மற்றது போய்விடும் என்று கிளைகள் வழக்கமாகச் சொல்லும் வாதம் நிற்காது.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் வரும், அது பலமானது. அந்தச் சட்டமே எதற்கு? உரிமச் சட்டங்கள் உள்ளே இருப்பவர்கள் போட்டுக்கொள்ளும் வேலி என்று அமெரிக்காவில் ஒரு தரப்பு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 2016-ல் அரிசோனாவில் உரிமம் தேவையில்லாத தொழில்கள் என்று நீக்கப் பார்த்த மசோதாவில் நிலவடிவமைப்பும் முதலில் இருந்தது. பட்டம் காப்பதற்காகத் திரட்டும் காசு பொதுநலமா, சொந்தநலமா? என் பதில் முழுத் திருப்தியானது அல்ல. தடுப்புச்சுவர், வடிகால், சாய்வுதளம் ஆகியவற்றில் பிழை வந்தால் அடிபடுவது மூன்றாவது மனிதர்; அந்த அளவுக்கு ஒழுங்குமுறைக்கு நியாயம் உண்டு. பட்டம் மட்டும் காக்கும் இல்லினாய்ஸ் வகைச் சட்டம் அந்த நியாயத்தைப் பலவீனமாகத்தான் தாங்குகிறது. அதனால்தான் சட்டத்துக்கான பணம் உறுப்பினரின் சொந்தப் பையிலிருந்து வர வேண்டும் என்கிறேன். தன் நலனுக்குத் தானே செலவழிப்பதில் மறைவு எதுவும் இல்லை. விற்பவரின் பணத்தில் தன் உரிமத்தைக் காத்துக்கொண்டால் வேலி என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாய் இருக்காது.

கறைபட்ட பணத்தை வாங்கவே கூடாதா? இதற்கு மிச்சிகன் ஏரியின் தென்கரையில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. இந்தியானா மணல்மேடுகளில் 1906-லிருந்து யு.எஸ். ஸ்டீல் கட்டிய ஆலைக்காக மேடுகள் சமமாக்கப்பட்டன. அங்கே எழுந்த ஊருக்கு அந்தக் கம்பெனியின் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயர். மிச்ச மேடுகளைக் காக்க ஜென்சனின் 'நிலக்காட்சி நண்பர்கள்' அமைப்பினர் உட்படப் பலர் போராடினார்கள். 1916 அக்டோபரில், மத்திய அரசில் தேசியப் பூங்காக்களைக் கவனித்துவந்த ஸ்டீஃபன் மேதர் சிகாகோவில் பொது விசாரணை நடத்தினார். 1917-ல் மணலிலேயே மாபெரும் நாடக விழா நடந்தது. 1920-களில் பெஸ் ஷீஹன் என்ற பெண்மணி பெண்கள் மன்றங்களைத் திரட்டி மாநிலப் பூங்காவுக்குச் சட்டம் கொண்டுவரச் செய்தார். நிலம் வாங்கப் பணம் போதவில்லை. கொடுத்தவர்களில் எல்பர்ட் கேரியும் இருந்தார்.

வாங்கியது தவறா? இல்லை என்பேன். அந்தப் பணம் ஒருமுறை வந்து நிலமாக மாறிவிட்டது. அடுத்த வருடம் மறுபடி கை நீட்ட வேண்டியதில்லை. கொடுத்தவர் கோபித்துக்கொண்டால் மணல்மேடு திரும்பிப் போகாது. சிகாகோ மில்லேனியம் பூங்காவின் லூரி தோட்டத்துக்கு லூரி குடும்பம் பராமரிப்பு வைப்புநிதியாக ஒரு கோடி டாலர் கொடுத்ததும் இந்த வகைதான்: பெயர் பலகையில் இருக்கிறது, களை எடுப்பவரின் சம்பளம் யார் தயவையும் எதிர்பார்க்காமல் வருகிறது. மாநிலக் கிளைகளின் ஸ்பான்சர் பணம் இதற்கு நேர் எதிர். கொடுப்பவர் நல்லவர், தொகை சின்னது, ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் மறுபடி கேட்க வேண்டும். கொடுப்பவரின் குணத்தைவிட, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும் நிலைதான் சங்கத்தின் நாக்கைக் கட்டுகிறது. செயற்கைப் புல்தரையின் தீமையைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தலாமா என்று செயற்குழுவில் யாராவது கேட்கும்போது, வெள்ளித் தட்டில் செயற்கைப் புல் கம்பெனி இருந்தால் அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று ஊகிக்கக் கெட்டிக்காரத்தனம் தேவையில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியாவில் 1972-ன் சட்டம் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைக் காக்கிறது; நிலவடிவமைப்புக்கெனத் தனிப் பதிவுச் சட்டம் கிடையாது. காக்க வேண்டிய சட்டம் இல்லாத சங்கத்துக்குக் கூடுகையும் விருதும் மாநாடும்தான் முழு வாழ்க்கை. அமெரிக்கக் கிளைக்கு அவ்வப்போது சட்டமன்றம் வைக்கும் சோதனை இங்கே வராது. எனவே தரைக்கல் கம்பெனியின் கையை எட்டத்தில் வைக்கும் கட்டுப்பாட்டைச் சங்கம் தானே விதித்துக்கொண்டால்தான் உண்டு.

தீர்ப்புக்கு வருகிறேன். கூடுகை தேறுகிறது, நல்ல மதிப்பெண்ணோடு. படிப்புக் குழுவும் வெளிமாநில நடுவர்களும் பார்க்கிங் டேயும் இந்தச் சங்கங்களின் உண்மையான சொத்து. மூன்றுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு என்பதைப் பொருளாளர்கள் கவனிக்க வேண்டும். நிதி திரட்டல் இன்றைய வடிவத்தில் தேறவில்லை. கோல்ஃப் ஆடுவதால் அல்ல. விருந்துச் செலவும் சட்டச் செலவும் மாணவர் சலுகையும் ஒரே உண்டியலில் விழுவதால். எந்த வேலை யார் காசில் நடந்தது என்று உறுப்பினருக்கே தெரியாத கணக்கு அது. சந்தா தனிக் கணக்கில் போக வேண்டும். சட்டமன்ற வேலையும் தேர்வுப் பயிற்சியும் அதிலிருந்து மட்டும் நடக்க வேண்டும். அதற்காகச் சந்தாவை உயர்த்த வேண்டியிருந்தால் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேட்க வேண்டும், சிலர் விலகுவார்கள் என்று தெரிந்தே. சாப்பாட்டுக்கும் இசைக்கும் ஸ்பான்சர் கொடுக்கட்டும், தாராளமாக. மாணவர் நுழைவுச் சலுகையை அந்தக் கணக்கிலிருந்து கட்டாயமாக எடுத்துவிட வேண்டும். விவரக்குறிப்பு எழுதப் போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் மாநாட்டு டிக்கெட்டை விற்பவர் வாங்கித் தருவது, இந்த ஏற்பாடு முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் மிக நீண்ட காலம் பலன் தரும் முதலீடு. அந்த முதலீட்டைச் சங்கமே செய்யட்டும்.